‘எங்கே ஆரம்பிச்சே?’ என்று கேள்

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள கண்ணு,

நாலு வயசாகியும் பையனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தாய். நீ அனுப்பின வீடியோவைப் பார்த்தேன். அவனுக்கு எண்ணத் தெரியும். ஒவ்வொரு தட்டையும் விரலால் தொட்டு, தொட்டதற்கு ஒரு எண்ணாகத்தான் சொல்கிறான். ஒன்று முதல் பதினொன்று வரை வரிசையும் பிசகவில்லை. மேஜையைச் சுற்றி இருந்த தட்டு ஆறுதான், அவன் பதினொன்று வரை போய்விட்டான். அவ்வளவுதான் விஷயம்.

தட்டுகள் வரிசையாக இருந்தால் கடைசித் தட்டே அவனை நிறுத்திவிடும். வட்டத்தில் கடைசி என்று ஒன்று கிடையாது. வாய் எண்ணைச் சொல்ல வேண்டும், விரல் தொட வேண்டும், இதற்கு நடுவில் முதலில் தொட்டது எது என்பதையும் மனசில் வைத்திருக்க வேண்டும். அந்த மூன்றாவது வேலையை நாம் கண்ணாலேயே செய்துவிடுகிறோம். அதனால் அது ஒரு வேலை என்றே நமக்குத் தெரிவதில்லை.

தாத்தாவின் ருத்திராட்ச மாலை நினைவிருக்கிறதா? 108 மணி, அதற்கு மேல் தனியாக ஒரு மேரு மணி. ஜபம் பண்ணும்போது அதைத் தாண்டக் கூடாது. மாலை அங்கே தொடங்கியது என்று விரலுக்குச் சொல்லத்தான் அது. பெரியவர்களுக்கே ஒரு அடையாளம் வேண்டியிருக்கிறது, இவன் பொடியன்!

அதனால் ஒரு தட்டை மட்டும் வேறு நிறத்தில் வை. இல்லையென்றால் ஒரு தட்டில் ஒரு ஸ்பூனைப் போடு. எது முதல் தட்டு என்று அவனே சொல்லட்டும், நீ சொல்லாதே. எங்கள் அங்கன்வாடியில் ஓணத்துக்குப் பூக்களம் போடும்போது, வெளிவட்டத்துச் செண்டுமல்லிகளுக்கு நடுவில் ஒரே ஒரு வாடாமல்லி வைப்பேன். பிள்ளைகள் அதில் தொடங்கி, திரும்ப அதைக் கண்டதும் நின்றுவிடுவார்கள். தமிழில் தொடங்கி நாலாவது பூவில் மலையாளத்துக்குத் தாவும் பிள்ளையும் உண்டு, ஆனால் எண்ணிக்கை மட்டும் தப்பாது.

கொஞ்ச நாளில் ஆறு தட்டுக்கு ‘ஏழு’ என்பான். அப்போது முகத்தைச் சுருக்காதே, அது முன்னேற்றம். தொடங்கின இடத்தை நினைவு வைத்துத் திரும்பி வந்துவிட்டான், ஆனால் அதையும் ஒருமுறை சேர்த்து எண்ணிவிட்டான். ‘தப்பு, மறுபடி எண்ணு’ என்றால் எது தப்பென்று அவனுக்குப் புரியாது. ‘எங்கே ஆரம்பிச்சே?’ என்று கேள். இடது கை விரலை அந்தத் தட்டின் மேலேயே வைத்துக்கொண்டு வலது கையால் எண்ணச் சொல். அது பழகின பிறகு ஸ்பூனை எடுத்துவிடு.

எண்ணி முடித்ததும், ‘ஆக, எத்தனை தட்டு?’ என்று ஒருமுறை கேட்டுப் பார். பதில் சொல்லாமல் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினால், கடைசியாகச் சொன்ன எண்தான் விடை என்பது அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. அப்படியானால் வட்டத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிட்டு வரிசையிலேயே விளையாடு.

கையால் நகர்த்தக்கூடிய சாமான் என்றால் அவனே வட்டத்தைக் கலைத்து வரிசையாக வைப்பான். தடுக்காதே, அது புத்திசாலித்தனம். நகர்த்த முடியாததையும் கொடு. செம்பருத்திப் பூவுக்கு ஐந்து இதழ், பிய்க்காமல் எண்ணட்டும். மின்விசிறி இறக்கையைக் காட்டிப் பயனில்லை. மூன்று வரைக்கும் எண்ணாமல் பார்த்தே சொல்லிவிடுவார்கள்.

இதெல்லாம் வந்த பிறகுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விளையாட்டு. வேறொரு தட்டைக் காட்டி, ‘இந்தத் தட்டிலிருந்து ஆரம்பித்தால் எத்தனை வரும்?’ என்று எண்ணுவதற்கு முன்பே கேள். பல பிள்ளைகள் வேறு எண்ணைச் சொல்வார்கள். எண்ணிப் பார்த்தால் அதே ஆறு! எதிர்ப்பக்கமாகச் சுற்றினாலும் ஆறு! முகத்தில் ஒரு திகைப்பு வரும் பார், அதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம். ரோஷெல் கெல்மன், கேலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1978-இல் எண்ணுவதற்கு ஐந்து விதிகளைப் பிரித்துச் சொன்னார்கள். எந்தப் பொருளில் தொடங்கினாலும் எண்ணிக்கை மாறாது என்பது அதில் ஒன்று. நமக்குச் சொல்லவே தேவையில்லாத விஷயம், குழந்தைக்கு அது ஒரு கண்டுபிடிப்பு.

மாப்பிள்ளை கணக்குப் புத்தகம் வாங்கலாம் என்றாராமே. இப்போது வேண்டாம். புத்தகத்துப் படத்தை அவன் நகர்த்தவும் முடியாது, ஸ்பூன் போடவும் முடியாது. நம் பல்லாங்குழிப் பலகையை அடுத்த வீட்டுப் பையன் வரும்போது கொடுத்து அனுப்புகிறேன். பதினாலு குழியையும் சுற்றிக் குழிக்கு ஒன்றாகப் போட்டுப் போகட்டும். கோடியில் திரும்பும் இடத்தில்தான் ஒரு குழியைத் தாண்டுவான், இல்லை ஒன்றிலேயே இரண்டு போடுவான், அங்கே மட்டும் கவனி. சோழியும் புளியங்கொட்டையும் அனுப்பவில்லை. சின்னவள் எதையும் வாயில் போடும் வயசு. ஆகவே பெரிய பட்டனாக அங்கேயே வாங்கிக்கொள், அதையும் விளையாடி முடித்ததும் எடுத்து மேலே வைத்துவிடு.

அன்புடன்,
அம்மா