எங்கள் ஆட்களைச் சேர்க்கும் உரிமையை எங்களிடம் விடுங்கள்: சர்வர் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சர்வர் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் டிக்கெட்டை, அதாவது உங்களிடம் பதிந்த கோரிக்கையைத், "தீர்க்கப்பட்டது" என்று மூடினீர்கள். என் டீமில் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கோட் பார்க்கும் அனுமதி கேட்டு நான் போட்ட மூன்றாவது டிக்கெட் அது. எதுவும் தீரவில்லை. நான்காவது டிக்கெட் போட்டால் அதற்கும் இதே கதிதான் என்று தெரிந்ததால், எல்லாரும் படிக்கிற மாதிரி ஒரு மடலாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பின்னணி உங்களுக்குத் தெரியும். நம்முடைய கோட், பில்ட், வேலைப் பட்டியல் எல்லாம் மைக்ரோசாஃப்டின் அஷூர் டெவ்ஆப்ஸ் சர்வரில்தான் இருக்கின்றன. ஒரு புராஜெக்டுக்குள் ஆளைச் சேர்ப்பது, நீக்குவது, யாருக்கு எந்த அளவு ஆக்சஸ் என்று முடிவு செய்வது எல்லாமே உங்கள் ஐந்து பேர் கையில். எங்கள் புராஜெக்டில் யார் வேலை செய்கிறார்கள் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

என் டீமில் ஒரு பெண் புதிதாகச் சேர்ந்தாள். கல்லூரி முடித்து முதல் வேலை. சேர்ந்த அன்றே டிக்கெட் போட்டேன். மேனேஜர் அப்ரூவல், அப்புறம் துறைத் தலைவர் அப்ரூவல், அப்புறம் பாதுகாப்புப் பிரிவு. நான்காவது நாள் அவளை, புராஜெக்டில் வேலை செய்பவர்களுக்கான கான்ட்ரிபியூட்டர்ஸ் குழுவில் சேர்த்துவிட்டு டிக்கெட்டை மூடினீர்கள். அவள் திறந்து பார்த்தால் போர்ட்ஸ் இருக்கிறது, வேலைப் பட்டியல் தெரிகிறது, அவள் பெயருக்கு நான் ஒதுக்கி வைத்திருந்த இரண்டு பக் கூடத் தெரிகின்றன. இடது பக்கம், கோட் இருக்கிற ரெப்போஸ் பகுதி மட்டும் இல்லை. எரர் கிடையாது, "உங்களுக்கு அனுமதி இல்லை" என்ற அறிவிப்பு கிடையாது. அந்தப் பெயரே அங்கே இல்லை. கோட் என்று ஒன்று இருப்பதாகவே அந்தத் திரை காட்டிக்கொள்ளாது.

காரணம் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டாவது டிக்கெட்டில் அவள் குழுவில் இருப்பதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போட்டு "ஆக்சஸ் ஏற்கெனவே உள்ளது" என்று மூடியிருந்தீர்கள். குழுவில் சேர்ப்பது வேறு, ஆக்சஸ் லெவல் வேறு. நம் சர்வரில் புதிதாக வருகிற எவருக்கும் தொடக்க நிலையாக, மிகக் குறைந்த ஆக்சஸ் லெவலான ஸ்டேக்ஹோல்டரை வைத்திருக்கிறீர்கள். ஸ்டேக்ஹோல்டரை கான்ட்ரிபியூட்டர்ஸில் போட்டாலும் அவருக்குக் கோட் தெரியாது. கோடும் தெரிகிற பேசிக் லெவலுக்கு மாற்றவேண்டும். அந்த மாற்றம் புராஜெக்டுக்குள் இல்லை, சர்வர் அளவிலான இன்னொரு பக்கத்தில் இருக்கிறது, அதைத் திறக்க உங்களால் மட்டும்தான் முடியும். இதையெல்லாம் மூன்றாவது டிக்கெட்டில் விலாவாரியாக எழுதினேன். "லைசென்ஸ் அப்ரூவல் தனி, அதற்குப் புதிய டிக்கெட் போடவும்" என்று ஒரு வரி எழுதி மூடிவிட்டீர்கள்.

பதின்மூன்று வேலை நாள் ஆகிவிட்டது. அந்தப் பதின்மூன்று நாளும் அவள் என்ன செய்தாள் என்று நான் பக்கத்து நாற்காலியில் இருந்து பார்த்தேன். காலை ஒன்பதரைக்கு வருவாள். முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறப்பாள். ஒரு தடவை ரீலோட் செய்வாள், லாகவுட் செய்து லாகின் செய்வாள், மறுபடி பார்ப்பாள். இல்லை. அப்புறம் நான் கொடுத்த பழைய டிசைன் டாக்குமென்டை விட்ட இடத்தில் இருந்து படிப்பாள். அதை எத்தனை முறைதான் படிப்பது? ஒன்பதாம் நாள் மதியம் மெதுவாக வந்து கேட்டாள்: "அக்கா, நான் ஏதாவது தப்பா பண்ணிட்டேனா? என்னை வச்சுக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கிறாங்களா?" ஒரு டிராப் டவுனில் ஒரு சொல்லை மாற்றாததற்கு அந்தப் பெண் தன் மேல் பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

மறுநாள் வேறு வழியில்லாமல் டீமில் இன்னொரு பையனின் மெஷினில் அவளை உட்கார வைத்தேன். விதிமீறல்தான், தெரிந்தே செய்தேன். தேதி வடிவம் மாறி வருகிற ஒரு பக், மூன்று நாளாகக் கிடந்தது. ஒன்றரை மணி நேரத்தில் கண்டுபிடித்துச் சரி செய்தாள், நன்றாகவும் செய்தாள். ஆனால் திருத்தத்தைப் பதியும் கமிட் அவன் பெயரில், அதை சர்வருக்கு அனுப்பும் புஷ் அவன் கணக்கில். அவளுடைய தொழில் வாழ்க்கையின் முதல் திருத்தம் வேறொருவர் பெயரில் வரலாற்றில் இருக்கிறது. நாளைக்கு அந்த வரியில் பிரச்சினை வந்து யாராவது, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் பிளேம் போட்டுப் பார்த்தால் அவனைத்தான் கேட்பார்கள். பாதுகாப்புக்காக என்று நீங்கள் வைத்திருக்கிற ஒழுங்கு எங்களை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. யார் எதைச் செய்தார்கள் என்ற பதிவுதான் பாதுகாப்பின் அடிப்படை, அதுவே பொய்யாகிவிட்டது.

எங்கள் புராஜெக்டுக்குள் ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் எங்களிடமே விடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

முன்பு டீம் லீடுகளிடம் அந்த உரிமை இருந்தது, ஏன் போனது என்பதையும் நான் மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு லீட், ஒரே ஒருவர் ரிலீஸ் பிராஞ்சில் (வெளியீட்டுக்கான கோட் கிளையில்) புஷ் செய்வதைத் தடுப்பதற்காக, முழு கான்ட்ரிபியூட்டர்ஸ் குழுவுக்கும் டினை (தடை) போட்டுவிட்டார். வேறு குழுவில் அலோ (அனுமதி) இருந்தாலும் பெரும்பாலும் டினை அதை அடித்துவிடும். ரிலீஸ் அன்று ராத்திரி மொத்த டீமும் புஷ் செய்ய முடியாமல் நின்றது, உங்களில் ஒருவர் நள்ளிரவில் எழுந்து வந்து சரி செய்தார். அது எங்கள் பக்கத் தவறு. மறுவாரமே எல்லா லீடுகளையும் புராஜெக்ட் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் குழுவில் இருந்து எடுத்துவிட்டீர்கள். ஒருவர் செய்த தப்புக்கு எல்லார் கையையும் கட்டுவது சரியா என்று அன்றைக்கே கேட்டிருக்கவேண்டும். கேட்காதது என் தவறு.

இந்தச் சிக்கல் புதிதில்லை. இந்த சர்வர் டீம் பவுண்டேஷன் சர்வர் (டிஎஃப்எஸ்) என்ற பெயரில் இருந்த காலத்தில் இன்னும் மோசமாக இருந்தது. நான் 2009-ல் வேலைக்குச் சேர்ந்தபோது டிஎஃப்எஸ் 2008. ஒரு புது ஆள் வந்தால் மூன்று இடத்தில் சேர்க்கவேண்டும்: டிஎஃப்எஸ் குழுவில் ஒரு தடவை, ஆவணங்கள் இருக்கிற ஷேர்பாயிண்டில் ஒரு தடவை, அறிக்கைகளுக்காக எஸ்க்யூஎல் சர்வர் ரிப்போர்ட்டிங் சர்வீசஸில் ஒரு தடவை. மூன்றுக்கும் மூன்று திரை, மூன்று விதமான உரிமைப் பெயர்கள். ஒன்றை மறந்தாலும் டீம் எக்ஸ்ப்ளோரர் என்ற பக்கப் பட்டியலில் டாக்குமென்ட்ஸ் மேலேயோ ரிப்போர்ட்ஸ் மேலேயோ ஒரு சின்னச் சிவப்புப் பெருக்கல் குறி வந்து உட்கார்ந்துவிடும். நானே அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்துக்கொண்டு ஒரு வாரம் உட்கார்ந்தவள்தான்.

அப்போது எங்களைக் காப்பாற்றியது டிஎஃப்எஸ் அட்மினிஸ்ட்ரேஷன் டூல் என்ற இலவசக் கருவி. மைக்ரோசாஃப்டின் கோட்பிளெக்ஸ் தளத்தில் ஓப்பன் சோர்ஸாக இருந்தது. ஒரே திரையில் ஆட்களின் பட்டியல், பக்கத்தில் மூன்று இடத்திலும் அவரவருக்கு என்ன உரிமை என்ற விவரம். ஒரு தடவை சேர்த்தால் மூன்றிலும் சேரும், நீக்கினால் மூன்றிலும் போகும். என் சீனியர் ஒருநாள் அதை இறக்கி, என் பெயரைப் போட்டு ஓகே அமுக்கினார். என் திரையில் ரிஃப்ரெஷ் செய்தேன், சிவப்புக் குறிகள் காணோம். அந்த நிம்மதி இன்னும் ஞாபகம் இருக்கிறது. நிர்வாகத்துக்கு ஒரு நல்ல கருவி இருந்தால் புது ஆளின் முதல் வாரமே மாறிவிடும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பிறகு 2017 டிசம்பரில் கோட்பிளெக்ஸை மூடிவிட்டார்கள். டிஎஃப்எஸ் 2018-ல் ஷேர்பாயிண்ட் இணைப்பையே எடுத்துவிட்டார்கள், 2019-ல் பெயரும் அஷூர் டெவ்ஆப்ஸ் சர்வர் என்று மாறியது. மூன்று இடத்தில் சேர்க்கிற தொல்லை பெரும்பாலும் தானாகவே தீர்ந்தது. கருவி எளிதாகிவிட்டது. ஆனால் நம் ஆபீஸில் மட்டும் மூன்று திரை இருந்த இடத்தில் மூன்று அப்ரூவல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

நான் கேட்பதற்குப் புது மென்பொருள் எதுவும் வாங்கவேண்டாம். ஆபீஸ் கணக்குகள் எல்லாம் இருக்கிற ஆக்டிவ் டைரக்டரியில் ஒவ்வொரு புராஜெக்டுக்கும் ஒரு குழு வையுங்கள். அந்தக் குழுவை கான்ட்ரிபியூட்டர்ஸுக்குள் ஒரே ஒரு தடவை சேர்த்துவிடுங்கள். ஆக்சஸ் லெவல் பக்கத்திலும் தனித்தனி ஆளாக இல்லாமல் அதே குழுவுக்கு பேசிக் என்று ஒரே ஒரு தடவை போட்டுவிடுங்கள். அப்புறம் ஆக்டிவ் டைரக்டரியில் அந்தக் குழுவின் மேனேஜ்டு பை என்ற பகுதியைத் திறந்து டீம் லீடின் பெயரைப் போட்டு, உறுப்பினர் பட்டியலை அவர் மாற்றலாம் என்ற கட்டத்தில் ஒரு டிக் போடுங்கள். முடிந்தது. லீடால் அந்தப் பட்டியலைத் தவிர வேறு எதையும் தொட முடியாது. டினை போட முடியாது, பிராஞ்ச் உரிமையை மாற்ற முடியாது, சர்வர் பக்கமே வர முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் நடந்தது திரும்ப நடக்க வழியே இல்லை. ஆக்டிவ் டைரக்டரி மாற்றங்களை சர்வர் சாதாரணமாக மணிக்கு ஒரு முறை எடுத்துக்கொள்ளும். காலையில் சேர்த்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் புது ஆள் கோட் பார்த்துவிடலாம்.

நாங்கள் கண்டபடி ஆட்களைச் சேர்த்துவிடுவோம், லைசென்ஸ் கணக்கு தப்பிவிடும் என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். அதற்கு டிஎஃப்எஸ்செக்யூரிட்டி என்ற கமாண்ட் உங்கள் சர்வரிலேயே இருக்கிறது. எந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று அதில் பட்டியல் எடுக்கலாம். மாதம் ஒரு தடவை எடுத்து எங்களுக்கு அனுப்புங்கள், ஒவ்வொரு பெயருக்கும் நாங்கள் எழுத்தில் பதில் சொல்கிறோம்.

சேர்ப்பதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்கிறேன். நீக்குவதுதான் உண்மையில் எனக்குப் பயம். மார்ச்சில் என் டீமில் இருந்து ஒருவர் வேறு துறைக்குப் போனார். அன்றே நீக்கச் சொல்லி டிக்கெட் போட்டேன், அது இன்றைக்கும் வரிசையில் இருக்கிறது. அவர் இந்த ஆபீஸில்தான் இருக்கிறார், கணக்கு உயிரோடு இருக்கிறது, எங்கள் ரெப்போவில் புஷ் செய்ய இன்றும் முடியும். போன மாதம் கேன்டீனில் பார்த்தபோது அவரே சொன்னார், "இன்னும் உங்க ரெப்போ எனக்குத் தெரியுதுங்க, சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க" என்று. நல்ல மனிதர், சொன்னார். அது மட்டுமில்லை, அவருடைய பெயர் அகர வரிசையில் முதலில் வரும். ஆள் ஒதுக்கும் பட்டியலில் அவசரத்தில் யாரோ அதைத் தொட்டுவிட, வாடிக்கையாளர் சொன்ன ஒரு பக் அவர் பெயரில் போய் மூன்று வாரம் கிடந்தது. அவர் அந்த அறிவிப்பு மெயில்களைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தார், பார்க்கவேண்டிய தேவையும் அவருக்கு இல்லை. வாடிக்கையாளர் போனில் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டது நான்.

வேலைக்கு வந்தவளுக்குக் கதவு திறக்கவில்லை, டீமை விட்டுப் போனவருக்குக் கதவு மூடவில்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் அதை நான் ஏற்கமாட்டேன். இந்த ஆபீஸில் எல்லாமே இப்படித்தான் ஆகிக்கொண்டிருக்கிறது. நாற்காலி உடைந்தால் டிக்கெட், ஏசி சொட்டினால் டிக்கெட், மூடிய டிக்கெட்டின் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கிறார்கள், நாற்காலியில் உட்கார முடிகிறதா என்று யாரும் வந்து பார்ப்பதில்லை. உங்கள் ஐந்து பேர் தலையில் நானூறு பேரின் வேலையைக் கட்டிவிட்டு, எத்தனை மூடினாய் என்று உங்களையும் அந்த எண்ணில்தான் அளக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். மூடிவிடு என்று சொல்கிறவர்கள் நீங்கள் இல்லை. அதனால்தான் இந்த மடலின் நகலை உங்களுக்கு மேலே இருப்பவர்களுக்கும் அனுப்புகிறேன்.

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். தயவுசெய்து கேட்கிறேன். எங்கள் புராஜெக்டுக்குள் ஆட்களைச் சேர்க்கவும் நீக்கவும் எங்களிடம் விடுங்கள். எல்லா டீமுக்கும் ஒரேயடியாக வேண்டாம், என் டீமில் மட்டும் ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். குழு உருவாக்குவது உங்களுக்கு அரை மணி நேர வேலை. உறுப்பினர் பட்டியலை நான் தயார் செய்து வைத்திருக்கிறேன், பதினோரு பெயர்கள். ஏதாவது தப்பு நடந்தால் உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள், ஒரு வார்த்தை பேசமாட்டேன். அதுவரைக்கும் அந்தப் பெண்ணின் ஆக்சஸ் லெவலை மட்டும் இன்றைக்கே பேசிக் என்று மாற்றிக்கொடுங்கள்.

வருகிற திங்கட்கிழமை என் டீமில் இன்னும் இரண்டு பேர் சேர்கிறார்கள். அவர்களுக்கான டிக்கெட்டை இன்று காலையே போட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மாடியிலேயே, மேற்குப் பக்கம் உட்காரும் ஒரு டீம் லீட்