படத்தில் இருப்பது வேறு மடவை

ஆசிரியருக்கு,

பழவேற்காடு ஏரி மீன்கள் பற்றிய கட்டுரை நன்றாகத்தான் இருந்தது, ஆனால் 'முகில் செஃபாலஸ்' என்று ஒரு மடவை இனத்தின் அறிவியல் பெயரைப் போட்டு நீங்கள் வெளியிட்ட படத்தில் இருந்தது அந்த மீனே இல்லை. மடவைக் குடும்பம்தான், சரி, ஆனால் வால் மஞ்சளாக, வெட்டிவிட்ட மாதிரி நேராக இருக்கிறது, பக்கத் துடுப்பு கறுப்பாக இருக்கிறது, செதிலும் பெரிது. இவ்வளவும் சேர்ந்தால் அது 'எல்லோகெலோன் வைகியென்சிஸ்' என்ற வேறொரு மடவை இனம்.

முகில் செஃபாலஸின் வால் கவட்டையாகப் பிரிந்திருக்கும், உடம்பில் தலையிலிருந்து வால் பக்கமாக மங்கலான கோடுகள் ஓடும், பக்கத் துடுப்பின் அடியில் ஒரு கரும்புள்ளி தெரியும். எல்லாவற்றையும்விட கண்ணைப் பாருங்கள். கண்ணின் பெரும்பகுதியைக் கண்ணாடி போன்ற தடித்த கொழுப்புச் சவ்வு மூடி, நடுவில் செங்குத்தாக ஒரு இடைவெளிதான் விட்டிருக்கும். நிறம் செத்த மீனில் மாறிவிடும், அதை நம்ப முடியாது. இந்தச் சவ்வை விரலால் தடவியே கண்டுபிடிக்கலாம். சந்தேகம் தீரவில்லையா, செவுளுக்குப் பின்னாலிருந்து வால் வரை உடம்பின் பக்கவாட்டில் ஒரே வரிசையாக ஓடும் செதில்களை எண்ணுங்கள்: செஃபாலஸுக்கு 40-ஐ ஒட்டி வரும், வைகியென்சிஸுக்கு 30-ஐ எட்டாது.

இன்னொன்று, அதே கட்டுரையில் பால்மீனையும் மடவை என்று சேர்த்திருக்கிறீர்கள். மடவைக்கு முதுகில் இரண்டு துடுப்பு, முன்னதில் நான்கு முள். பால்மீனுக்கு ஒன்றே ஒன்று. அடுத்த முறை படம் போடுமுன் ஏலக்கூடத்தில் மீன் விற்கும் அக்காக்களிடமாவது காட்டுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்