'லெட்' என்னும் சொல் குறித்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, நீங்கள் மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டதை அறிந்து பெரிதும் மகிழ்ந்தேன். இங்கு அனைவரும் நலம். பணி ஓய்வுக்குப் பின் என் பொழுது பெரும்பாலும் அகராதிகளோடுதான் கழிகிறது என்பதால், உங்கள் பேரன் எழுப்பிய ஐயத்தை உடனே எடுத்துக்கொண்டேன். அனுமதித்தலைக் குறிக்கும் 'லெட்' என்னும் ஆங்கிலச் சொல், பிரிட்டன் கடவுச்சீட்டில் வரும் 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' (தடையோ இடையூறோ இன்றி) என்னும் வாசகத்தில் 'தடை' என்று பொருள்படுவது எப்படி என்பது மிக நல்ல கேள்வி.

அவை இரண்டு தனிச்சொற்கள். பழைய ஆங்கிலத்தில் 'லேட்டன்' என்றால் விடுதல், விட்டுச்செல்லுதல்; 'லெட்டன்' என்றால் தடுத்தல். பின்னது, மெதுவான என்னும் பொருளுடைய சொல்லிலிருந்து பிறந்தது. காலதாமதத்துக்கு நாம் அன்றாடம் சொல்லும் 'லேட்' அதன் நெருங்கிய உறவு. காலப்போக்கில் முன்னதன் நெடில் குறுகவே, இரண்டும் ஒரே ஒலியாயின. இன்னும் ஆழமாகத் தேடினால், தளர்தல் என்னும் பொருளுடைய ஒரே வேரையே மொழியியலார் இரண்டுக்கும் காட்டுகின்றனர்: பிடியைத் தளர்த்துவது அனுமதி, நடை தளர்வது தாமதம், பிறரைத் தாமதிக்கச் செய்வது தடை. அனுமதி என்பது அடிப்படையில் கையிலிருப்பதைக் கொடுப்பதன்று, பிடித்திருப்பதை விடுவதே என்று இந்த வேர் உணர்த்துவதாக எனக்குப் படுகிறது.

இந்த இரண்டு சொற்களும் நெடுங்காலம் அருகருகே வழங்கின. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில், தந்தையின் ஆவியைப் பின்தொடர முயலும் இளவரசன் ஹாம்லெட்டை உடனிருப்போர் பிடித்து நிறுத்தும்போது, தன்னை 'லெட்' செய்பவனையும் ஆவியாக்கிவிடுவதாக அவன் மிரட்டுகிறான். தடுப்பவன் என்பதே அங்குப் பொருள். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில், தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்திலும் அப்படியே. அங்கே அனுமதி என்று கொண்டால் வசனமே தலைகீழாகிவிடும். தடுத்தலுக்கு வேறு சொற்கள் பெருகிவிட்ட நிலையில், இப்பொருள் மெல்ல வழக்கொழிந்து, சட்ட வாசகங்களிலும், சர்வீஸ் பந்து வலையை உரசிவிட்டு உரிய கட்டத்தில் விழும்போது டென்னிஸ் நடுவர் எழுப்பும் குரலிலும் எஞ்சியிருக்கிறது.

கடவுச்சீட்டின் அதே வரியில், செல்ல விடுமாறு கோரும் இடத்தில் 'அலவ்' வருகிறது. புகழ்தல், ஒதுக்கீடு செய்தல் எனப் பொருள்படும் இரண்டு லத்தீன் வினைகள் பழைய பிரெஞ்சில் ஒன்றாகக் கலந்து, ஆங்கிலத்துக்கு அச்சொல்லாக வந்து சேர்ந்தன. அனுமதிக்கும் சொல்லும் தடுக்கும் 'லெட்'டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்பதைப் பேரனுக்கு அவசியம் காட்டுங்கள். வாடகை வீட்டுப் பலகையிலுள்ள 'டு லெட்' எந்தச் சொல்லைச் சேர்ந்தது என்று அவன் கேட்டால், 'விடுதல்' என்று பொருள்படும் முதற்சொல்லே என்று தயங்காமல் சொல்லலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் நண்பன்