பாடாங் படங்களைப் பிழைக்க வைத்தவர்களுக்கு

வணக்கம்.

தண்ணீர் புகுந்து படங்களெல்லாம் நனைந்த அந்த வெள்ளிக்கிழமை இரவைப் பற்றி இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. படிக்கிற எல்லாருக்கும் தெரியும். உறைய வைத்திருந்த படக்கட்டுகளில் நேற்று மாலை பதினேழாவதும் பிரிந்தது, இன்னும் இரண்டுதான் பாக்கி. கோலாலம்பூர் பாடாங் திடலின் படங்களில் இதுவரை பிரித்த 412இல் 371 படங்கள் முகம் கெடாமல் கைக்கு வந்துவிட்டன. மனசு இன்னும் படபடத்துக்கொண்டிருக்கும்போதே நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி ரொட்டி சானாய் அக்காவுக்கு. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். உறைய வைத்த ரொட்டி சானாய் செய்து கடைகளுக்குப் போடுகிறவர். நனைந்த படங்களுக்கு ஃப்ரீசர் தேவைப்படுகிறது என்று சனிக்கிழமை அதிகாலை யாரோ சொல்லிக் கேள்விப்பட்டாராம். விடிவதற்குள் தன்னிடமிருந்த மூன்று பெரிய ஃப்ரீசர்களில் ஒன்றிலிருந்த சரக்கையெல்லாம் மற்ற இரண்டில் அடைத்து, உள்ளே துடைத்து வைத்துவிட்டு, “பெட்டி காலியா இருக்கு, கொண்டு வாங்க” என்று செய்தி அனுப்பினார். என்ன படம், யாருடைய படம், எத்தனை நாளைக்கு என்று ஒரு கேள்வி இல்லை.

ஃப்ரீசர் கொடுத்தது பெரிய உதவி. அதைவிடப் பெரிய உதவி, கூடவே அவர் எடுத்து வந்த ஒரு சுருள் தாள். அது ஏன் பெரிது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், நாளைக்கு வேறு யார் வீட்டு ஆல்பமாவது நனையும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் பூச்சு ஜெலட்டின். தண்ணீர் பட்டால் ஊறிக் குழைந்துபோகும். நனைந்த படம் நனைந்தபடி இருக்கும்வரை பிழைக்கும், காயத் தொடங்கினால்தான் ஆபத்து. ஒன்றன் மேல் ஒன்றாக இருந்து காய்ந்தால் பசை தடவி ஒட்டியது போலாகிவிடும். பிறகு இழுத்துப் பிரித்தால் ஒரு படத்தின் முகம் அடுத்த படத்தின் முதுகோடு போய்விடும். அதற்காக நனைந்தபடியே வைத்திருக்கவும் முடியாது, நம் ஊர்ச் சூட்டில் இரண்டு நாளுக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். உறைய வைத்தால் ஒட்டுவதும் நிற்கும், பூஞ்சணமும் நிற்கும், நிதானமாக ஒவ்வொரு கட்டாக எடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் நடுவில் ஒன்றும் வைக்காமல் உறைய வைத்தால் இருபது படமும் சேர்ந்து ஒரே செங்கல்லாகிவிடும். செய்தித்தாளை வைத்தால் அதன் மை படத்தில் இறங்கும். முகம் துடைக்கும் தாளை வைத்தால் கூழாகிப் பூச்சோடு கலந்துவிடும். அன்று காலை மேசை மேல் தயாராக இருந்தது செய்தித்தாள்தான். அக்கா அதைப் பார்த்தார். பலகாரம் சுடும் தட்டில் விரிக்கிற, சிலிக்கான் பூச்சுள்ள ஒட்டாத தாளைச் சுருளோடு நீட்டினார். “மாவே இதுல ஒட்டாது, படமா ஒட்டப் போகுது?” என்றார். ஆவணக் காப்பகங்களில் நனைந்த படங்களுக்கு நடுவில் வைக்கிற தாளும் இந்த வகைதான். ரொட்டித் தட்டில் பழகிய கை அதைச் சரியாக எடுத்துக் கொடுத்தது. அந்தச் சுருள் வந்திராவிட்டால் 371 என்ற எண்ணை இன்று எழுதியிருக்க முடியாது.

செய்தது இவ்வளவுதான். சேறு போகக் குளிர்ந்த சுத்தமான தண்ணீரில் ஒரு முறை அலசல், முகத்தில் விரல் படாமல் ஓரத்தை மட்டும் பிடித்து. பிரிந்தவற்றுக்கு நடுவே ஒவ்வொரு தாள். ஏற்கெனவே ஒட்டியிருந்தவற்றைப் பிரிக்காமல் அப்படியே விட்டாயிற்று. கட்டு 2 சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நடுப்பகுதி உறைய நேரமாகும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மட்டமாகப் படுக்க வைத்து, மைனஸ் 18 டிகிரி. கண்ணாடி நெகட்டிவ்களை மட்டும் ஃப்ரீசர் பக்கமே கொண்டுபோகவில்லை. உறைந்தால் பூச்சு கண்ணாடியை விட்டுக் கழன்றுவிடும். அவை தட்டு கவிழ்க்கும் கம்பி ரேக்கில் செங்குத்தாக நின்றே காய்ந்தன.

எடுக்கும்போது ஒரு நாளைக்கு ஒரு கட்டுதான். இரவு முழுக்கக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் இளகவிட்டு, காலையில் ஐஸ் போட்ட தண்ணீர்த் தட்டில் மிதக்கவிட்டால் தானாக நழுவிப் பிரியும். பிரியாவிட்டால் காத்திருக்க வேண்டும், நகத்தை வைக்கவே கூடாது. பிறகு முகம் மேலே பார்க்கச் சுத்தமான பருத்தித் துணியில் நிழலில் காய வைக்க வேண்டும். நேர் வெயிலும் முடி உலர்த்தும் கருவியும் படத்தைச் சுருட்டிவிடும். கெட்டுப்போன 41 படங்களில் பாதிக்கு மேல் 1970, 80களின் வண்ணப் படங்கள். வண்ணப் பூச்சு தண்ணீரில் அத்தனை நேரம் தாங்குவதில்லை.

பிழைத்தவற்றில் என்ன இருக்கிறது என்று பலர் கேட்டார்கள். 1884இல் வெள்ளைக்கார அதிகாரிகளும் வணிகர்களும் தொடங்கிய சிலாங்கூர் கிளப்பின் திடல் அது. தொடக்க உறுப்பினர்களில், அன்றைய கோலாலம்பூர்த் தமிழர்களின் தலைவரான நம் தம்புசாமி பிள்ளையும் ஒருவர். போலீஸ்காரர்கள் அணிவகுப்புப் பழகிய சதுப்பு நிலத்தை மட்டமாக்கி, அதே புல்லில் கிரிக்கெட், ஹாக்கி, ரக்பி, காற்பந்து எல்லாம் ஆடினார்கள். 1921இல் எச்.எம்.எஸ். மலாயா போர்க்கப்பல் வந்துபோனபோது காற்பந்துக்கு ஒன்று, ரக்பிக்கு ஒன்று என்று இரண்டு கோப்பைகள் கிடைத்தன. அதில் காற்பந்துக்கான மலாயாக் கோப்பையின் முதல் இறுதி ஆட்டம் இங்கேதான் நடந்தது. சிங்கப்பூர் 2, சிலாங்கூர் 1. 1927இல் பெர்ட் ஓல்டுஃபீல்டு உள்ளிட்ட ஆஸ்திரேலிய அணியை மலாயா கிரிக்கெட் அணி 39 ஓட்ட வித்தியாசத்தில் தோற்கடித்ததும் இந்த ஊரில்தான். இந்தியா 1932இல் லார்ட்ஸில் ஆடிய முதல் டெஸ்டில் இருந்த லால் சிங் கோலாலம்பூரில் பிறந்தவர். பிற்காலத்தில் இந்தக் கிளப்பின் திடலைப் பராமரித்தவரும் அவரே.

படங்களில் பெரும்பாலானவற்றில் தேதி இல்லை. பின்னணிதான் தேதி சொல்லும். கிழக்கில் சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தின் மணிக்கூண்டு இல்லையென்றால் 1897க்கு முந்தியது. சாரம் கட்டியிருந்தால் 1894க்கும் 1897க்கும் இடைப்பட்டது. மேற்கே கிளப் கட்டடம் மரச்சட்டம் தெரியும் டியூடர் பாணியில் இருந்தால், கட்டடக் கலைஞர் ஹப்பேக் திரும்பக் கட்டிய 1910க்குப் பிந்தியது. தெற்கு முனையில் இப்போதுள்ள 95 மீட்டர் கொடிக்கம்பம் தெரிந்தால் திடலில் ஆட்டமே முடிந்துவிட்ட காலம். நேரமும் கண்டுபிடிக்கலாம். மணிக்கூண்டின் முகப்பில் வெயில் அடித்தால் பிற்பகல், நிழல் திடலை நோக்கி விழுந்தால் காலை. என்ன ஆட்டம் என்பதற்குப் புல்லைப் பார்க்க வேண்டும். திடலின் நடுவே கயிறு கட்டி ஒதுக்கிய வெளிறிய பகுதி கிரிக்கெட் ஆடுகளம். காற்பந்துக்காரர்கள் அதை மிதிக்காதபடி கோல் கம்பங்கள் ஒதுங்கி நிற்கும். ஒரே புல்லில் நான்கு ஆட்டங்கள் பிழைத்தது இந்தக் கயிற்றால்தான். பன்னிரண்டாவது கட்டின் ஒரு படத்தில் கயிறும் தெரிகிறது, கயிற்றுக்கு அப்பால் ரக்பியின் உயரக் கம்பமும் தெரிகிறது. அந்தப் படம் தட்டில் மிதந்து மேலே வந்தபோது அறையில் யாரும் பேசவில்லை.

1970 டிசம்பரில் கிளப்பில் தீ, அடுத்த மாதமே ஊரை மூழ்கடித்த வெள்ளம். கிளாங் ஆறும் கோம்பாக் ஆறும் கூடுகிற இடம் பக்கத்திலேயே இருப்பதால் தண்ணீர் இந்தத் திடலுக்குப் புதிதல்ல. 1987இல் திடல் மாநகர் மன்றத்தின் கைக்குப் போனது. தோண்டி, நிலத்துக்கு அடியில் கடைகளும் வாகன நிறுத்துமிடமும் கட்டினார்கள். 1990 முதல் அது டத்தாரான் மெர்டேக்கா, அதாவது சுதந்திரச் சதுக்கம். 1957இல் நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கிய இடத்துக்கு அந்தப் பெயர் தகும். ஆனால் புல் மட்டும் இருக்கிறது, கயிறு இல்லை. அங்கே என்னவெல்லாம் ஆடினார்கள் என்பதைக் காட்டுவதற்கு இந்தப் படங்களைப் போன்றவைதான் மிச்சம்.

மற்றவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. வேன் கொண்டுவந்த தம்பிகள், கம்பி ரேக் கொடுத்த உணவகம், பருத்தித் துணி வெட்டித் தந்த தையல்கடை அண்ணன், இரவெல்லாம் ஐஸ் சுமந்த கல்லூரிப் பிள்ளைகள், படங்களின் முதுகில் எழுதியிருந்ததை மை கரையும் முன்னே கைப்பேசியில் படமெடுத்த அந்த மூன்று பெண்கள். பென்சிலில் எழுதியது நின்றது. பேனாவில் எழுதியது அந்தப் பிள்ளைகளின் கைப்பேசியில் மட்டுமே இருக்கிறது.

இனி ஒரு படமும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்குக் கீழே இருக்காது. ஒவ்வொன்றும் 600 டிபிஐயில் முன்னும் பின்னும் ஸ்கேன் செய்யப்படும். பிரதி மூன்று, அதில் ஒன்று கோலாலம்பூருக்கு வெளியே. இந்த வாக்கை இங்கே எழுதி வைப்பதே, தவறினால் நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

வரும் சனிக்கிழமைக்குள் கடைசி இரண்டு கட்டுகளையும் எடுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை ஃப்ரீசரைத் துடைத்து அக்காவிடம் ஒப்படைக்கிறோம், கூடவே புதுச் சுருள் இரண்டு.

நன்றியுடன்,
பாடாங் படத்தொகுப்புக் குழு