காணாமல் போன 2 எக்ஸ் ஹெச்: பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய இளநிலைக் கணிதப் பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். முதல் பருவத் தொடக்கத்தில் இருந்த நான்கு வாரப் பள்ளிக் கணித அடிப்படை மீள்பார்வையை எடுத்துவிட்டு, முதல் வகுப்பிலேயே நுண்கணிதத்தின் ‘எல்லை’ (லிமிட்) என்ற கருத்தில் தொடங்கச் சொல்லும் உங்கள் சுற்றறிக்கை வந்து சேர்ந்தது. ‘இவை பள்ளியில் படித்தவையே, தேவைப்படுவோர் தாமே பார்த்துக்கொள்ளலாம்’ என்று அதில் உள்ள ஒரு வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

அந்த வரி விடைத்தாளில் என்னவாகிறது என்று பாருங்கள். எக்ஸ் ஸ்கொயரின் வகைக்கெழுவை, அதாவது எக்ஸ் மாறும்போது அது மாறும் வீதத்தை, வரையறையிலிருந்து காணச் சொல்கிறோம். எக்ஸை ஹெச் அளவு கூட்டி, மதிப்பில் வந்த மாற்றத்தை ஹெச்சால் வகுத்து, ஹெச்சைச் சுழிக்கு நெருக்குவது என்ற வரையறையை மாணவர் பிழையின்றி எழுதுகிறார். எக்ஸ் இருந்த இடத்தில் எக்ஸ் பிளஸ் ஹெச்சைச் சரியாகவே போடுகிறார். அடுத்த வரியில் ‘எக்ஸ் பிளஸ் ஹெச், ஹோல் ஸ்கொயர்’ வெறும் எக்ஸ் ஸ்கொயர் பிளஸ் ஹெச் ஸ்கொயர் ஆகிவிடுகிறது. எக்ஸ் ஸ்கொயரைக் கழித்தால் மிஞ்சுவது ஹெச் ஸ்கொயர். ஹெச்சால் வகுத்தால் ஹெச். அது சுழியை நெருங்கினால் விடை 0. வர வேண்டியதோ 2 எக்ஸ். விரிக்கும்போது தொலைந்த 2 எக்ஸ் ஹெச் என்ற உறுப்பிலிருந்துதான் வகைக்கெழுவே பிறக்க வேண்டும். அதைத் தொலைத்த பிறகு எல்லையைப் பற்றி எவ்வளவு தெரிந்தும் பயனில்லை.

வர்க்கமூலத்திலும் இதே கதைதான். எக்ஸ் பிளஸ் ஹெச்சின் மூலத்தை இரண்டு மூலங்களாகப் பிரித்துவிட்டால், கழித்து வகுத்த பின் கையில் இருப்பது ஹெச்சின் மூலத்தின் தலைகீழ். ஹெச் சிறுக்கச் சிறுக்க அது கட்டில்லாமல் பெருகும். தொகுதியின் இணையால் (நடுவிலுள்ள கழித்தலைக் கூட்டலாக்கியது) பின்னத்தை மேலும் கீழும் பெருக்கும் வழியைக் கரும்பலகையில் எத்தனை முறை காட்டினாலும், கூட்டலைப் பிரித்துப் போடலாம் என்ற பழக்கம் முந்திக்கொள்கிறது. 9-ஐயும் 16-ஐயும் கூட்டி மூலம் எடுத்தால் 5. தனித்தனியே எடுத்துக் கூட்டினால் 7. இதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். கையின் பழக்கம் மாற வாரங்கள் வேண்டும்.

இதில் கொடுமை என்னவென்றால், தோற்ற மாணவர் தனக்கு ‘எல்லை புரியவில்லை’ என்று நம்புகிறார். அதே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறார். நோய் ஓரிடம், மருந்து வேறிடம். ஆகவே கேட்கிறோம்: அந்த நான்கு வாரங்களைத் திருப்பித் தாருங்கள்.

கணக்கியும் தன் பங்குக்குக் குழப்புகிறது. சைன் 0.1-ஐ 0.1-ஆல் வகுக்கச் சொன்னால் சிலருக்கு 0.998 வருகிறது, சிலருக்கு 0.01745. இரண்டாவது எண் பை (π) என்ற மாறிலியை 180-ஆல் வகுத்தது. கணக்கி கோணத்தை ரேடியன் என்ற அளவில் எடுக்காமல் பாகையில் கிடக்கிறது. சைனின் வகைக்கெழு கொசைன் என்பது ரேடியனில் மட்டுமே உண்மை என்று யாராவது எப்போதாவது சொல்லியாக வேண்டும். புதிய அட்டவணையில் அதற்கு இடமில்லை. தொகையிடலிலும் (வகைக்கெழுவிலிருந்து மூலச் சார்பைக் காண்பது) பகுதிப் பின்னம், வர்க்கத்தை நிறைவு செய்தல் என்று பாதி வேலை இயற்கணிதம்தான்.

ஜெர்மானியக் கணிதவியலாளர் லைப்னிட்ஸ் தன் வகையிடல் (வகைக்கெழு காணும்) முறையை அச்சில் வெளியிட்டது 1684-இல். எல்லையை அடித்தளமாக வைத்து பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி பாடநூல் எழுதியது 1821-இல். இடையில் 137 ஆண்டுகள். எங்கள் மாணவர்களுக்கு எல்லைக்கென ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்கள் நம்பிக்கையை மெச்சத்தான் வேண்டும்.



நாங்கள் பணிவுடன் வேண்டுவது இதுதான். முதல் வாரம் பின்னம், அடுக்கு, விரித்தல், காரணிப்படுத்தல். இரண்டாம் வாரம் சார்பும் சார்புக்குள் சார்பும்; சார்புக்குள் சார்பின் வகைக்கெழுவைத் தரும் சங்கிலி விதியில் தடுமாறுவோர் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கியிருப்பார்கள். பிறகு ரேடியனோடு முக்கோணவியல், கடைசியாக மடக்கை. ஒவ்வொரு வாரமும் 20 நிமிடத் தேர்வு ஒன்று, மதிப்பெண்ணுடன். மதிப்பெண் இல்லாவிட்டால் யாரும் எழுதமாட்டார்கள். நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பருவக் கடைசியில் மனப்பாடமாகவே ஒப்பிக்கப்படும் தொகையீட்டுக் குறைப்புச் சூத்திரங்களை அடுத்த பருவத்துக்குத் தள்ளுங்கள். அது போதாவிட்டால் வாரத்துக்கு ஒரு பயிற்சி வகுப்பைக் கூட்டுங்கள், எடுக்க நாங்கள் தயார்.

சேர்க்கை முடிந்து வகுப்புகள் தொடங்குமுன் கூடும் குழுக் கூட்டத்தில் அந்த நான்கு வாரங்களை மீண்டும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
முதல் பருவக் கணிதம் கற்பிப்போர்