பீரோவில் வைத்த எஸ்எஸ்டி

தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்துப் படங்களையும், அவர் குரல் பதிந்த கேசட்டுகளையும் கணினியில் ஏற்றி, சில்லுகளில் கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி ஒன்றில் போட்டுப் பீரோவில் பூட்டிவிட்டதாகவும், பழைய ஹார்டு டிஸ்க்கைக் காயலான் கடையில் போடப் போவதாகவும் எழுதியிருந்தாய். தயவுசெய்து அதைப் போட்டுவிடாதே.

எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, கைதவறி விழுந்தாலும் தாங்கும் என்பதால், அதுதான் உறுதியானது என்று தோன்றுவது இயல்பே. ஆனால் அது செய்தியைக் காக்கும் விதம் வேறு. அதன் சில்லில் உள்ள ‘செல்’ எனும் ஒவ்வொரு நுண்ணிய அறையிலும், மின்சாரம் கடத்தாத மிக மெல்லிய சுவருக்குள் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கின்றன. எழுதும்போது உயர்ந்த மின்னழுத்தம் கொடுத்து அவற்றைச் சுவரை ஊடுருவச் செய்கிறார்கள், படிக்கும்போது உள்ளே எவ்வளவு மின்னேற்றம் இருக்கிறது என்று அளக்கிறார்கள். தோஷிபாவில் பணியாற்றிய ஃபுஜியோ மசுவோகாவும் அவர் குழுவினரும் 1987-இல் அறிவித்த, எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நாண்ட் ஃபிளாஷ் என்ற நினைவகச் சில்லின் அடிப்படை இன்றும் இதுவே.

முதலில் ஒரு செல்லுக்கு ஒரு பிட், அதாவது இரண்டே நிலைகள். விலையைக் குறைப்பதற்காக, செல்லுக்கு மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையில் 8 நிலைகளும், நான்கு பிட் வைக்கும் கியூஎல்சி வகையில் 16 நிலைகளும் வந்தன. நம் தெருவில் லாரித் தண்ணீர் பிடித்து வைக்கும் குடத்தை நினைத்துக்கொள்: தண்ணீர் இருக்கிறதா, இல்லையா என்று சொல்வது எளிது, அதிலேயே பதினாறு கோடு கிழித்து, எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சொல்ல வேண்டுமானால், சொட்டுக் கசிந்தாலும் கணக்குத் தவறும். எழுதி அழித்து எழுதி அழித்துச் செல்லின் சுவர் தேயும்போது எலெக்ட்ரான் கசிவு கூடும். வெப்பம் அதை இன்னும் விரைவாக்கும். மின்னணுச் சில்லுகளுக்குத் தர விதிகள் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தர அளவுப்படி, வீட்டு உபயோக எஸ்எஸ்டி தன் எழுதும் ஆயுளை முடித்த பிறகும், மின்சாரமின்றி 30 டிகிரி செல்சியஸில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும். புதியது அதைவிட வெகுகாலம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் மே மாதத்தில் நம் பக்கத்து ஷீட் கூரை வீடுகளில் 30 டிகிரி என்பது நள்ளிரவிலும் கிடைக்காதே!

என் மாடி அறையில், பல வருடம் உழைத்த ஒரு எஸ்எஸ்டியை மூன்று கோடைக்காலம் அப்படியே போட்டுவைத்திருந்தேன். எடுத்துப் பார்த்தபோது மகளின் ஆண்டுவிழா வீடியோ பாதியில் நின்றது. சில படங்களின் கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். அன்று எனக்கு இரவு உணவு இறங்கவில்லை.

மின்சாரம் இருக்கும்போது எஸ்எஸ்டியை இயக்கும் கன்ட்ரோலர் என்ற சில்லு பிழைகளைத் திருத்தும், வலுவிழந்த பகுதியை வேறிடத்தில் புதிதாக எழுதவும் செய்யும். பூட்டிய பீரோவில் அந்தக் காவல் இல்லை. கன்ட்ரோலரே முன்னறிவிப்பின்றி நின்றுபோனால், உள்ளே இருப்பதை மீட்பது பெரும்பாடு.

ஆகவே எஸ்எஸ்டியை அன்றாட வேலைக்கு வைத்துக்கொள். அப்பாவின் குரலுக்கு இரண்டு ஹார்டு டிஸ்க் பிரதிகள் வேண்டும். அவையும் ஒருநாள் பழுதாகும் என்பதால், ஒன்று பெரம்பூரில் உன் தங்கை வீட்டில் இருக்கட்டும். 2023 டிசம்பர் புயல் மழையில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் புகுந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். வருடம் ஒருமுறை எல்லாக் கோப்புகளையும் முழுவதும் படித்து, செக்சம், அதாவது கோப்பு மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண், ஒத்துப்போகிறதா என்று பார். கேசட்டுகளையும் தூக்கிப் போடாதே.

அடுத்த மாதம் வரும்போது பழைய டிஸ்க்கை எடுத்து வா. இரண்டாம் பிரதியை நான் போட்டுத் தருகிறேன். அப்பா பேசியதை நானும் ஒருமுறை கேட்க வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்