வீட்டை ஆருக்குக் குடுக்கிறது

அன்பு மகன்,

ஆர் கூட வாடகை தாறினமோ அவைக்குக் குடுங்கோ அம்மா எண்டு நேற்று போனில சொன்னனீ, அதையே இரவு முழுக்க யோசிச்சுக்கொண்டு கிடந்தனான். கிளிநொச்சி கரடிப்போக்கு வீட்டுக்கு மூண்டு பகுதி வந்து கேட்டவை. ஒண்டு பாங்கில வேலை செய்யிற தம்பி, வெள்ளி பின்னேரம் யாழ்ப்பாணம் போனா திங்கள்தான் வருவார். மற்றது அறிவியல் நகரில இஞ்சினியரிங் படிக்கிற பெடியள் ஆறு பேர், கூடத் தாறம் எண்டவை அவைதான். நல்ல பெடியள், ஆனா ஆவணி மாசம் எங்கட கிணறு அடி தெரியும், ஆறு பேர் மோட்டர் போட்டா எங்க காணும் சொல்லு.

மூண்டாவது ஒரு ரீச்சர் பிள்ளை, ரெண்டு குஞ்சுகள், புருசன் இல்லை. அவ இப்ப இருக்கிற வீட்டுக்கு ஒரு சாட்டுச் சொல்லிப் போய்ப் பாத்தனான். கிணத்தடியில வாளி கவிட்டுக் கிடக்கு, கயிறு சுத்தித் தொங்குது, வாழைக்குத் தண்ணி போற வாய்க்கால் புதுசா வெட்டிக் கிடக்கு. வாடகை வீட்டு வாழைக்கு ஆரப்பா வாய்க்கால் வெட்டினம்!

அந்த வீட்டுக்காரரிட்டை நான் ஒண்டும் கேக்கேல்ல, அவருக்கு வீடு திரும்ப வேணுமாம், எழுப்பி விட நினைக்கிறவை நல்லதாத்தான் சொல்லுவினம். அதுக்கு முதல் அவ இருந்த பரந்தன் வீட்டுக்கார அம்மாவைத் தேடிப் பஸ் ஏறிப் போனன். லைற் பில் ஒரு மாசமும் நிலுவை இல்லையாம், வெளிக்கிடேக்க ஆணி அடிச்ச ஓட்டையளைத் தானே சீமெந்து குழைச்சு அடைச்சுப்போட்டுப் போனவவாம்.

சித்தப்பா சொல்லுறார், தனிப் பொம்பிளைக்குக் குடுக்காதேங்கோ ஊர் கதைக்கும் எண்டு. எனக்கு வயிறு எரிஞ்சுது மகன். 2010ல முகாமால வந்து வவுனியாவில நானும் நீயும் வெயிலுக்குள்ள வீடு தேடித் திரிஞ்சது ஞாபகம் இருக்கோ, வன்னியில இருந்தோ வந்தனீங்கள், ஆம்பிளை ஆர் இருக்கினம் எண்டு கேட்டுக் கேட்டுக் கேற்றடியிலயே திருப்பி விட்டவை. நீ என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீ. அதே கேள்வியை நான் இன்னொருத்தியிட்டைக் கேக்க மாட்டன்.

அதுக்காக வாய்ப்பேச்சில குடுப்பன் எண்டு நினையாத. அடையாள அட்டைக் கொப்பி வாங்கியாச்சு, கிராம சேவகரிட்டையும் விசாரிச்சன். இஞ்ச ஒரு மாசத்துக்கு மேல குத்தகை எண்டா நொத்தாரிசு எழுதவேணும், சும்மா கடுதாசியில கையெழுத்து வாங்கிக் கோட்டுக்குப் போனா நிக்காது. குத்தகை முடிஞ்சும் எழும்பாதவையிட்டை இருந்து வீட்டைக் கெதியா மீட்க 2023ல ஒரு சட்டமும் வந்திருக்கு, அதுக்கும் அந்த எழுத்துத்தான் கைகுடுக்கும். ஒரு வருசத்துக்கு எழுதிப் பிறகு புதுப்பிப்பம். அட்வான்ஸை ரெண்டு தரமாத் தாறன் எண்டு ரீச்சர் கேட்டவ, நான் ஓம் எண்டிட்டன், கோவிக்காத.

வீடு உன்ர பேரில கிடக்கிறபடியா நான் கையெழுத்து வைக்க ஏலாது. ரொறன்ரோவில எங்கட கொன்சுலேட்டுக்குப் போய் என்ர பேருக்கு அற்றோனிப் பவர் செய்து கெதியா அனுப்பு, பள்ளிக்கூடத் தவணை தொடங்க முதல் அதுகள் வந்து இருக்கட்டும்.

அம்மா